குதிகால் வலி முதல் மெட்டிப் புண் வரை: கேள்வி பதில்

பெண்களின் கால் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு, பிசியோதெரபிஸ்ட்டாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. காலையில் முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம். ஆபரேஷன் தேவையா?

பெரும்பாலும் தேவைப்படாதும்மா. அந்த எலும்பு முனை வலியே இல்லாத பலருக்கும் உண்டு. நீங்கள் சொல்வது உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் தசைநார்ப் பட்டையின் வலி போலத் தெரிகிறது. இரவில் இறுகிக் கிடப்பது முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. அதனால் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முழங்காலை மடக்காமல் உங்கள் பக்கம் இழுத்து 30 விநாடி பிடியுங்கள். மூன்று முறை போதும். சாயங்காலம் ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள். வீட்டு டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வீட்டுக்கென்று மெத்தென்ற செருப்பு ஒன்று வையுங்கள் (மாமியார் ஏதாவது சொன்னால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்). குணமாகச் சில மாதங்கள் ஆகும், பாதியில் விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை.

பித்தவெடிப்புக்கு பார்லரில் பிளேடு போட்டுச் சுரண்டுகிறார்கள். சரியா மேடம்?

வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பாதம் தேய்க்கும் பியூமிஸ் கல்லால் லேசாகத் தேயுங்கள். ஈரம் போகும் முன் யூரியா கலந்த க்ரீம் தடவி, காட்டன் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். பின்பக்கம் திறந்த செருப்பு வெடிப்பை அதிகமாக்கும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஊறவைப்பது, தேய்ப்பது இரண்டையும் விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மெட்டி அழுத்தி விரலில் புண். வலிக்கவே இல்லை, பார்த்துக்கலாம் என்கிறார்.

வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நரம்பு மரத்திருக்கலாம். இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மெட்டி வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், அங்கே மெட்டியை வெட்டி எடுத்துவிடுவார்கள். இனித் தினமும் விரல் இடுக்கு, உள்ளங்கால் இரண்டையும் நீங்களே பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது.

எட்டாம் மாதம். இரண்டு காலும் வீங்குகிறது.

சாயங்காலம் வீங்கி, கால்களை உயர்த்தி வைத்தால் வடிவது சகஜம். திடீரென்று முகம், கை வீங்கினாலோ, தலைவலி, கண் மங்கல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

குழந்தை பிறந்த பிறகு பழைய செருப்பு எதுவுமே சேரவில்லை!

சிலருக்குப் பாதம் நிரந்தரமாகவே கொஞ்சம் நீளும். பழசை யாருக்காவது கொடுத்துவிட்டு, சாயங்காலமாகப் போய்ப் புதுசு வாங்குங்கள். பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரம் அதுதான்.