ஓரிகன் மாநிலத்தின் பெண்ட் ஊர் குடியிருக்க ஏற்றதா?

அமெரிக்காவின் பெண்ட் ஊருக்குக் குடிபோகலாமா, தட்பவெப்பம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரிகன் என்றதும் ஓயாத மழைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது மேற்குப் பக்கம். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று கேஸ்கேட் மலைகளில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டுதான் இறங்குகிறது. அந்த மழை மறைவுப் பகுதியில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பெண்ட். பனியையும் சேர்த்தாலும் ஆண்டு மழையளவு 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

காற்றில் ஈரமில்லாததால் பகல் சூடு இரவில் தங்காது. ஜூலையில் மதியம் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால், விடியற்காலையில் 8, 9 என்று இறங்கிவிடும். ஜூனில்கூட உறைபனி விழலாம். தக்காளி போடுபவர்கள் பாடு திண்டாட்டம்தான்!

குளிர்காலத்தில் மவுண்ட் பேச்சலரில் பனிச்சறுக்கு, கோடையில் டெஷூட்ஸ் ஆற்றில் மிதவை, வடக்கே ஸ்மித் ராக்கில் பாறையேற்றம் என்று வெளியே சுற்ற நிறைய உண்டு.

சரி, சங்கடம் என்ன? கோடைக் கடைசியில் காட்டுத்தீப் புகை ஊரை மூடும் நாட்கள் உண்டு. ஆஸ்துமா இருந்தால் நன்றாக யோசியுங்கள். அப்புறம் வீட்டு விலை, உள்ளூர்ச் சம்பளத்துக்கு எட்டுவது கடினம். வீடு வாங்கும் முன் ஓர் ஆகஸ்ட் மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.