பேப்பர் ரோல் கட்டரில் காகிதம் ஏன் கோணலாகக் கிழிகிறது?

பார்சல் கட்டும் மேசையில் பழுப்புக் காகிதச் சுருள் ஒரு கம்பியில் மாட்டியிருக்கும், அதன்மேல் நீளமான இரும்புப் பட்டை ஒன்று படிந்திருக்கும். அதுதான் பேப்பர் ரோல் கட்டர். 18, 24, 36 அங்குலம் என்று பல அகலங்களில் கிடைக்கும்.

கோணலுக்குக் காரணம் காகிதத்திலேயே இருக்கிறது. ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடும். அதாவது சுருளின் நீளவாக்கில். நாம் கிழிப்பதோ குறுக்கே. வாழை இலையை நரம்போடு கிழித்துப் பாருங்கள், கோடு போட்டதுபோல் வரும். நரம்புக்குக் குறுக்கே கிழித்தால் இஷ்டத்துக்குப் போகும். இங்கேயும் அதே கதைதான். கிழிசல் வழிமாறாமல் காகிதத்தை அழுத்திப் பிடிப்பதுதான் அந்தப் பட்டையின் வேலை.

அதனால் நடுவில் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒரு மூலையைப் பிடித்து, பட்டையின் விளிம்போடு ஒட்டினாற்போல் மேல்நோக்கிக் கிழித்துக்கொண்டே மறு ஓரம் வரை போங்கள். முதல் அரை அங்குலம் சரியாகப் பிளந்தால் மீதி தானாக வரும். துணிக்கடைக்காரர் கத்தரியால் சின்ன வெட்டு போட்டுவிட்டு சர்ரென்று கிழிப்பாரே, அப்படி. அப்புறம், சுருள் மெலிய மெலிய பட்டையும் கூடவே இறங்குகிறதா என்று பாருங்கள். பாதியில் சிக்கி நின்றால் பிடிப்பு போய்விடும்.

‘பிளேடு மழுங்கிவிட்டது’ என்று சாணை பிடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்: இந்த வகைப் பட்டைகள் பலவற்றில் கத்திபோன்ற கூர்மை முதலிலிருந்தே கிடையாது.