கட்டி இருக்கிறது, இரத்தத்தில் புழு இல்லையாம்!

கேள்வி: கமரூனில் ஆற்றோரம் மூன்று வருடம் பாலம் கட்டும் வேலையில் இருந்தேன். திரும்பி வந்து ஒரு வருடம் ஆகிறது. இடுப்பெலும்புக்கு மேலே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, தொட்டால் நகர்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரி தூக்கமே போய்விட்டது. இரத்தத்தில் புழு இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அப்படியானால் இது வெறும் கொழுப்புக் கட்டிதானா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கருப்பு ஈ கடித்துப் பரவும் ஆங்கோசெர்கியாசிஸ், அதாவது ஆற்றுக் குருட்டு நோய், உங்களுக்கு இருக்கலாம். இதன் குஞ்சுப் புழுக்கள் வாழ்வது தோலுக்குள். யானைக்கால் புழுவைத் தேடுவதுபோல இரத்தத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கட்டிக்குள் சுருண்டு கிடப்பது தாய்ப்புழு. 30 முதல் 50 செ.மீ. வரை நீளும், பத்துப் பதினைந்து வருடம்கூட உயிரோடு இருக்கும்.

உங்களுக்குத் தேவை தோல் கிள்ளல் பரிசோதனை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஊசி முனையால் தோலை லேசாகத் தூக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுப்பார்கள். இரத்தம் கசியாத ஆழத்தில் எடுப்பதுதான் கைத்திறன், ஏனென்றால் இரத்தம் கலந்தால் அதிலிருக்கும் வேறு புழுக்கள் வந்து குழப்பும். அந்தத் துண்டை உப்புநீரில் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் குஞ்சுகள் நெளிந்து வெளியே வருவது தெரியும், சில சமயம் 24 மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டும். இரண்டு பக்க இடுப்பிலும் சேர்த்து ஆறு இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள், ஒரே துண்டு என்றால் புழு கண்ணில் படாமல் தப்பிவிடலாம். தொற்று புதிதாக இருந்தால் இதிலும் தெரியாது, குஞ்சுகள் தோலுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அப்போது புழுவின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கைகொடுக்கலாம், அல்லது கட்டியையே அறுத்தெடுத்துப் பார்க்கலாம்.

அப்புறம் கண். கண் மருத்துவர் பார்ப்பதற்கு முன் சில நிமிடம் தலையை முழங்கால்களுக்கு நடுவே குனிந்து வைத்திருக்கச் சொல்வார். கண்ணின் முன்னறையில் குஞ்சுகள் இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: யாரோ சொன்னார்கள் என்று யானைக்கால் மாத்திரையான டிஇசியைச் சாப்பிட்டுவிடாதீர்கள், இந்த நோயில் அது கண்ணையே பாதிக்கும். ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து என்றாலும், கமரூனில் லோவா லோவா என்ற இன்னொரு புழுவும் உண்டு. அது இரத்தத்தில் ஏராளமாக இருக்கும்போது ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கலாம். அதனால் பகல் 10 மணியிலிருந்து 2 மணிக்குள் இரத்தம் எடுத்து லோவா லோவா பார்த்த பிறகே மாத்திரை.