வெளுத்த வானம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மௌனப்படக் கால வெஸ்டர்ன்களை (குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்கில் நடக்கும் படங்களை) ரசித்து நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வில்லியம் எஸ். ஹார்ட் நடித்த ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ (1916) படத்தை யூடியூபில் பார்த்தேன். எல்லாரும் துள்ளித் துள்ளி ஓடுகிறார்கள். வானம் ஒரே வெள்ளை. கூடவே பார்த்த இன்னொரு பழைய வெஸ்டர்னில் ராத்திரி என்று எழுத்துப் போடுகிறார்கள், காட்சியிலோ பட்டப்பகல். இவற்றில் ரசிக்க என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

துள்ளல் பிரதியின் குறை. அன்று காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பெரும்பாலும் 16 முதல் 20 பிரேம், அதாவது தனிப்படம். அதைப் பிற்கால வேகமான 24இல் ஓட்டினால் துள்ளத்தான் செய்யும். 1000 அடி ரீலில் 16,000 பிரேம். 18இல் ஓட்டினால் கிட்டத்தட்ட 15 நிமிடம், 24இல் 11தான். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கிவிட்டு ஒலியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இசை இழுவையாகக் கேட்கும். குதிரைக் குளம்படிப் புழுதி நிதானமாக அடங்கினால் வேகம் சரி.

ராத்திரிக் காட்சியைப் பகலில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் முக்குவார்கள். தீக்குச் சிவப்பு. பிற்பாடு கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தபோது சாயம் போயிற்று, இரவும் போயிற்று.

வெள்ளை வானம் மட்டும் அசல். அன்றைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிகையாகப் பதியும். அதனால் வானம் வெளுக்கும், வெயிலில் சிவந்த முகம் கறுக்கும். மேட்டில் குதிரைக்காரன் வந்து நின்றால் வெள்ளைத்தாளில் மை வைத்ததுபோல் இருக்கும். எனக்கு அந்த அழகு பிற்கால வண்ணப் படங்களில் கிடைப்பதில்லை.

கதையையும் கவனியுங்கள். ரவுடி ஊருக்குப் பாதிரியார் வருகிறார். ஊரைத் திருத்துவார் என்று நினைப்போம். அவரோ குடித்துச் சீரழிந்து, தன் தேவாலயத்தையே கொளுத்தும் கும்பலோடு சேர்கிறார். பிறகு 51 வயது ஹார்ட் இரண்டு துப்பாக்கியோடு மதுக்கூடத்துக்குள் நுழைந்து, கூட்டத்தை அசையவிடாமல் நிறுத்தி, தொங்கும் விளக்குகளைச் சுடுகிறார். ஊரே எரிகிறது. வெஸ்டர்னுக்கு வாய்ப்பாடு இறுகாத காலம், அதனால்தான் இவ்வளவு தூரம் துணிய முடிந்தது.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013 ஆய்வுப்படி, அந்நாட்டின் மௌன முழுநீளப் படங்களில் முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாகத் தப்பியவை 14 சதவீதம்தான். பின்னாளில் வெஸ்டர்ன்களுக்குப் பேர்போன இயக்குநர் ஜான் ஃபோர்டின் முதல் முழுநீளப் படம் ‘ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்’ (1917) தொலைந்தே போயிருந்தது. 1966இல் செக்கோஸ்லோவாக்கியா ஆவணக் காப்பகத்தில் அகப்பட்டது. அடுத்து அதைப் பாருங்கள். தெருச் சண்டைக்கு முன் நாயகன் ஹாரி கேரியின் கண்களுக்கு அருகே காமிரா போகும் இடத்தைத் தவறவிடாதீர்கள். சீரமைத்த பிரதி கிடைத்தால் வேகத்தில் கைவைக்க வேண்டாம், அதில் சரிசெய்திருப்பார்கள்.