கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர முடியுமா?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறோம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மகனிடம் போகிறோம். திருச்சியில் ஞாயிறு இரவு 11 மணிக்கு விமானம். சிங்கப்பூரில் திங்கள் காலை 9.15க்குக் கிளம்பும் அடுத்த விமானம், அதே திங்கள் காலை 8.30க்குச் சேர்ந்துவிடும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. அச்சுப் பிழையா? இணையத்தில் திருச்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 14,200 கிலோமீட்டர், 16 மணி நேரம் என்கிறார்கள். எது சரி?

பதில்: பிழையே இல்லை ஐயா. டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். பசிபிக் கடலின் நடுவே சர்வதேசத் தேதிக் கோட்டைக் கிழக்கு நோக்கித் தாண்டும்போது ஒரு நாள் திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் தங்களுக்கு இரண்டு திங்கட்கிழமைக் காலைகள்.

எல்லாவற்றையும் நம் ஊர் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் காலை 8.30 என்றால் இங்கே திங்கள் இரவு 10 மணி. ஆக, திருச்சியிலிருந்து 23 மணி நேரம்: சிங்கப்பூருக்கு நாலேகால், அங்கே காத்திருப்பு மூன்றரை, பிறகு பதினைந்தேகால்.

இணையத்தில் பார்த்த 14,200 கிலோமீட்டர், உருண்டையான பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம். அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து 16 என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடு இமயமலைக்கு மேலே, சீனா வழியாகப் போகும். திருச்சியிலிருந்து அப்படி நேரடி விமானம் கிடையாது. தாங்கள் போகும் வழி ஏறத்தாழ 3,000, பிறகு 13,600 கிலோமீட்டர்.

திரும்பும்போது கணக்கு மாறும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். பூமி சுழல்வதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகக் காற்றோட்டம் இருக்கிறது. போகும்போது அது முதுகில் கைவைத்துத் தள்ளும், வரும்போது நெஞ்சில் முட்டும். குளிர்காலத்தில் அதற்கு வலு அதிகம்.

இதைவிட முக்கியம், வரும்போது ஒரு நாள் காணாமல் போவது. அங்கே திங்கள் இரவு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் காலை. ஊரில் அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கோ திருமணத்துக்கோ நாள் குறித்திருந்தால், இரண்டு நாளாவது முன்னதாக வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். இதில் ஏமாந்து, முகூர்த்தம் முடிந்து வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும், மனம் பொறுக்கவில்லை.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை 30 மணி நேரம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் போக வேண்டாம். காரைக்குடியிலிருந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் போதும். விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள்.

இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிடும் நஷ்டம் தங்களுடையது.

தாங்களோ ஆச்சியோ சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுத்துக்கொள்பவர் என்றால், எந்த நேரத்தில் எந்த வேளை மருந்து என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். ஒரு கைக்கடிகாரத்தை மட்டும் மகன் வீடு சேரும்வரை காரைக்குடி நேரத்திலேயே வைத்திருங்கள்.