ஸ்பிதியின் கிப்பர் கிராமத்தில் கூரைகள் ஏன் தட்டையான மண்கூரைகளாக இருக்கின்றன?

அவ்வூர் மழைமறைவுப் பகுதியில் இருப்பதே காரணம். மலைத்தொடரின் ஒரு பக்கம் மழை பெய்து தீர்ந்துவிட, மறுபக்கம் வறண்டு கிடக்கும் நிலையைத்தான் மழைமறைவு என்கிறோம். பருவமழை மேகங்கள் இமயமலையின் தென்சரிவில் ஏறும்போதே குளிர்ந்து பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், இமாச்சலப் பிரதேசத்தில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் கிப்பருக்கு உலர்ந்த காற்றே வந்து சேர்கிறது. நன்றாகப் பிழிந்த துணியைக் கொடியில் போட்டால் சொட்டாதல்லவா, அதுபோலத்தான். ஆகவே உத்தரங்களின்மேல் சுள்ளிகளைப் பரப்பி மண் பூசிய கூரையே அங்கு போதுமானது. குளிர்காலத்துக்கான புல்லையும் விறகையும் அதன்மேலேயே அடுக்குகிறார்கள். பனி விழுந்தால் மட்டும் உடனே தள்ளிவிட வேண்டும் (சோம்பினால் கூரை ஒழுகும்). மழையில்லாத ஊரில் விவசாயமே இராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உருகும் பனியின் நீரைக் ‘குல்’ எனப்படும் சிறு வாய்க்கால்களில் கொண்டுவந்து பார்லியும் பச்சைப் பட்டாணியும் விளைவிக்கிறார்கள்.