கணினி கேள்வி – பதில்: ஹார்ட் டிஸ்க் ஜம்பரும் செக்டர் கணக்கும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பழைய எக்ஸ்பி கணினியில் இருந்த 1 டிபி வெஸ்டர்ன் டிஜிட்டல் இஏஆர்எஸ் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸ் 10 கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியிருக்கிறேன். கல்யாணம், திருமுழுக்கு, கோயில் கொடை என்று பல வருடப் படங்கள் அதில் உள்ளன. ஓர் இலவச மென்பொருள் ‘பார்ட்டிஷன் அலைன்மென்ட் சரியில்லை, தொடக்கம் 32,256 பைட்’ என்று சிவப்பு நிறத்தில் காட்டுகிறது. டிஸ்க்கின் லேபிளில் எக்ஸ்பிக்காக 7, 8 பின்களில் ஜம்பர் போடுவது பற்றி எழுதியிருந்ததாக நினைவு. சிபியுவைத் திறக்காமல், அந்த ஜம்பர் இருக்கிறதா என்று மென்பொருளால் பார்க்க முடியுமா? அலைன்மென்ட்டைச் சரிசெய்துவிடலாமா?

பதில்: முதலில், சரிசெய்யும் பொத்தானை இப்போதைக்கு அழுத்தாதீர்கள். நீங்கள் குறிப்பிடும் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) போடப்பட்டிருந்தால், சிவப்பில் காட்டப்படும் அந்த டிஸ்க் இப்போது சரியாகத்தான் இருக்கிறது; ‘சரிசெய்த’ பிறகுதான் கெடும்.

2009-இன் இறுதியில் வரத் தொடங்கிய இஏஆர்எஸ் வரிசை டிஸ்க்குகள் தட்டின் மேல் 4096 பைட் கொண்ட பெரிய செக்டர்களாக எழுதுகின்றன (செக்டர் என்பது டிஸ்க் தரவை எழுதும் சிறு அலகு). ஆனால் கணினியிடம் மட்டும், பழைய வழக்கப்படி 512 பைட் செக்டர்களே இருப்பதாகச் சொல்கின்றன. எட்டுச் சிறிய செக்டர்கள் சேர்ந்தால் உள்ளே ஒரு பெரிய செக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்த பகுதியை) 63-ஆம் செக்டரில் தொடங்கும் பழக்கமுடையது. 63 எட்டால் வகுபடாது. ஆகவே விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் எழுதும் ஒவ்வொரு 4096 பைட் துண்டும் இரண்டு பெரிய செக்டர்களின் மேல் கால் வைத்து நிற்கும்; அலைன்மென்ட் சரியில்லை என்பது இதைத்தான். அதை எழுத வேண்டுமானால், டிஸ்க் அந்த இரண்டையும் படித்து, உரிய பகுதியை மாற்றி, தட்டு மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்து எழுத வேண்டும். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லி விநாடி ஆகும். ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகளை நகலெடுக்கும்போது இந்தத் தாமதம் சேர்ந்து சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது.

இதற்கு அந்த நிறுவனம் கண்ட குறுக்கு வழிதான் 7–8 ஜம்பர். அது போடப்பட்டிருந்தால், கணினி கேட்கும் ஒவ்வொரு செக்டர் எண்ணுடனும் டிஸ்க் தானாகவே ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. கணினி 63 என்றால் டிஸ்க் 64-க்குப் போகும். 32,256 உடன் ஒரு செக்டரின் 512-ஐக் கூட்டினால் 32,768. அது 4096-இன் சரியான எட்டு மடங்கு. ஆனால் இந்த ஏற்பாடு டிஸ்க்குக்குள்ளேயே முடிந்துவிடுவதால், விண்டோஸுக்கோ உங்கள் மென்பொருளுக்கோ அது தெரிய வழியே இல்லை. அவை 32,256 என்ற எண்ணை மட்டும் பார்த்து, 4096-ஆல் வகுபடவில்லை என்று குற்றம் சொல்கின்றன. எனவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முடியாது. இந்த ஜம்பரின் நிலையை எந்த மென்பொருளும் படித்துச் சொல்லாது.

இதன் மறுபக்கம் இன்னும் ஏமாற்றக்கூடியது. விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும் பார்ட்டிஷனை 2048-ஆம் செக்டரில், அதாவது 10,48,576 பைட்டில் தொடங்குகின்றன. அது 4096-இன் 256 மடங்கு. உங்கள் மென்பொருள் பார்ட்டிஷனை அங்கே நகர்த்தி, பச்சை நிறம் காட்டி, வேலை முடிந்தது என்று சொல்லும். ஜம்பர் போட்டிருந்தால் டிஸ்க்குக்கு அது 2049-ஆம் செக்டர். அப்போதுதான் அலைன்மென்ட் உண்மையாகவே தவறும். அதைக் காட்டிக்கொடுக்க ஒரு சிவப்புக் குறியும் இருக்காது. இவ்வரிசையின் தொடக்ககால டிஸ்க்குகளில் பல, உள் செக்டர் அளவைக் கேட்டாலும் 512 என்றே பதில் சொல்பவை என்பதால், அந்த வழியிலும் உண்மை வெளிவராது. லேபிளில் ‘அட்வான்ஸ்டு ஃபார்மேட்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

ஆகவே சிபியுவைத் திறக்கத்தான் வேண்டும். கணினியை நிறுத்தி, பிளக்கையும் உருவிய பிறகு, சாட்டா கேபிள் (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் தரவுக் கேபிள்) சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நான்கு நான்காக இரு வரிசையில் நிற்கும் எட்டுப் பின்களைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். பின்களின் எண்ணை லேபிளில் உள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். ஏனென்றால் 5–6 பின்களில் இருக்கும் ஜம்பர் வேகத்தைக் குறைப்பதற்கானது, அலைன்மென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேபிளையும் பின்களையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், மறுமுறை திறக்க வேண்டியிராது.

7–8-இல் ஜம்பர் இருந்து, டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷனாக இருந்தால், எதையும் தொட வேண்டாம். எக்ஸ்பியில் இரண்டு, மூன்று பார்ட்டிஷன்கள் பிரித்திருந்தால், ஜம்பர் முதலாவதைத்தான் நிச்சயமாகச் சரிசெய்யும். மற்றவை 16,065 செக்டர் கொண்ட பழைய சிலிண்டர் கணக்கில் எங்கு தொடங்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எப்படியானாலும், படங்கள் உள்ளே இருக்கும்போது ஜம்பரைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் எல்லா எண்ணும் ஒன்று நகர்ந்து, பார்ட்டிஷன் அட்டவணை இருந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். விண்டோஸ் அதைப் புதிய டிஸ்க் என்று எண்ணி ‘இனிஷியலைஸ்’ செய்யட்டுமா என்று கேட்கும். யாராவது ஏற்கெனவே பிடுங்கி அந்தக் கேள்வி வந்திருந்தால், ‘ஓகே’ கொடுக்காமல் கணினியை நிறுத்தி, ஜம்பரைப் பழைய இடத்திலேயே போடுங்கள். கோப்புகள் திரும்பத் தெரியும்.

ஜம்பரே இல்லையென்றால், மென்பொருள் சொல்வது உண்மைதான். அப்போதும் நான் பார்ட்டிஷனை நகர்த்தச் சொல்ல மாட்டேன். அலைன்மென்ட் தவறினால் அடிபடுவது பெரும்பாலும் எழுதும் வேகம். உங்களுடையதோ எடுத்துப் பார்க்கும் பழைய படங்களின் களஞ்சியம். மேலும் 1 டிபியை உள்ளுக்குள்ளேயே நகர்த்துவது பல மணி நேர வேலை; ஐப்பசி இடிமழையில் நடுவே கரண்ட் போனால், பாதி நகர்ந்த பார்ட்டிஷன்தான் மிஞ்சும். இந்த டிஸ்க்குக்கு வயதும் ஆகிவிட்டது. புதிய டிஸ்க் ஒன்றை வாங்கி, விண்டோஸ் 10-இலேயே பார்ட்டிஷன் போட்டு, படங்களை நகலெடுங்கள். அலைன்மென்ட் அங்கே தானாகவே சரியாக அமையும்.

தொடக்க எண்ணை நீங்களே பார்க்க வேறு மென்பொருள் தேவையில்லை. விண்டோஸுடன் வரும் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திரையில் காம்பொனென்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் ‘பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட்’ என்ற வரியில் பைட் கணக்கில் இருக்கும். ‘டிஸ்க்பார்ட்’ கட்டளை காட்டும் எண்ணை இதற்கு நம்பாதீர்கள். அது கிலோபைட்டில் முழு எண்ணாக்கிச் சொல்வதால், 32,256 பைட்டுக்குரிய 31.5 என்ற உண்மையான அளவு அதில் தெரியாது.

கேள்வி: குளச்சலில் விசைப்படகுக் கணக்கு எழுதிவந்த பழைய கணினி பழுதாகிவிட்டது. அதிலிருந்த 40 ஜிபி ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் சுற்றும் சத்தம் கேட்கிறது, கணினியில் தெரியவில்லை. மாஸ்டரா, ஸ்லேவா என்பதை மென்பொருளில் பார்க்க வழி உண்டா?

பதில்: கணினிக்கே தெரியாத டிஸ்க்கிடம் மென்பொருள் எதையும் கேட்க முடியாது. ஐடிஇ என்பது சாட்டாவுக்கு முந்தைய இணைப்பு வகை; அதில் ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். கணினிக்குத் தெரிந்துவிட்டால், ஐடிஇ டிஸ்க்குகளில் ஒரு வசதி உண்டு: தான் மாஸ்டரா, ஸ்லேவா என்பதை ஜம்பரைப் பார்த்து முடிவு செய்ததா, கேபிளின் சிக்னலைப் பார்த்து முடிவு செய்ததா என்பதை டிஸ்க்கே குறித்து வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் ‘எச்டிபார்ம்’ கட்டளை தரும் விவரப் பட்டியலின் கடைசிப் பகுதியில் அது வரும். மிகப் பழைய டிஸ்க்குகள் இதைச் சொல்லாது. யுஎஸ்பி அடாப்டர் வழியாகவும் இந்தத் தகவல் ஒழுங்காக வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் அடாப்டர் பெரும்பாலும் மாஸ்டர் நிலையையே எதிர்பார்க்கும். இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுகிறது. சீகேட் டிஸ்க்கில் ஜம்பரை எடுத்துவிட்டால் அது ஸ்லேவ் ஆகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலிலோ ஜம்பர் இல்லாத நிலைதான் தனி டிஸ்க்குக்கு உரியது. அதில் ‘மாஸ்டர்’ என்று போட்டால், கூடவே ஒரு ஸ்லேவ் இருப்பதாக எண்ணிக் காத்திருந்து, கடைசியில் தெரியாமலே போகலாம். லேபிளைப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, சிறு கிடுக்கியால் ஜம்பரை நேராக இழுத்து எடுங்கள். கடற்கரையில் இருந்த கணினி என்பதால் பின்களையும் உற்றுப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சைப் பூச்சு படிந்திருந்தால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். 40 ஜிபி டிஸ்க்கில் உள்ளேயும் 512 பைட் செக்டர்தான் என்பதால், அலைன்மென்ட் பற்றிய கவலை உங்களுக்கு இல்லை.

கேள்வி: நாகர்கோவிலில் படிக்கும் மாணவன் நான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ மென்பொருள் என் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு ‘சாட்டா 150 | சாட்டா 300’ என்று காட்டுகிறது. வேகக் குறைப்பு ஜம்பர் போட்டிருப்பதுதான் காரணமா? நகலெடுக்கும்போது மிகவும் மெதுவாக இருக்கிறது.

பதில்: இடப்பக்கம் இருப்பது இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் இருப்பது டிஸ்க்கால் முடிந்த வேகம். குறைவதற்கு ஜம்பர் காரணமாகலாம். பழைய மதர்போர்டோ, கேபிளோகூடக் காரணமாகலாம். அதே போர்ட்டில், அதே கேபிளில் வேறொரு டிஸ்க் 300 காட்டினால் ஜம்பரைச் சந்தேகிக்கலாம். ஆனால் 150 என்பதே விநாடிக்கு 150 மெகாபைட். அந்தக் காலத்து டிஸ்க்குகள் தொடர்ச்சியாக அந்த அளவை எட்டுவதே அரிது. ஆகவே உங்கள் தாமதத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதே திரையில் 05 (மாற்றப்பட்ட செக்டர்), சி5 (சந்தேகத்துக்குரிய செக்டர்), சி7 (தரவுப் பரிமாற்றப் பிழை) என்ற வரிகளின் மூல எண்ணைப் பாருங்கள். சி7 நாளுக்கு நாள் ஏறினால் கேபிளை மாற்றுங்கள். 05-இலோ சி5-இலோ பூஜ்யமல்லாத எண் இருந்தால் தட்டிலேயே கெட்ட செக்டர்கள் உள்ளன. ஜம்பரைத் தேடுவதை நிறுத்தி, வேண்டிய கோப்புகளை அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.